புல்தரை மூச்சுத் திணறுகிறது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு உங்கள் பள்ளியின் முன்புறம் உள்ள புல்தரையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். ஐப்பசித் தொடக்கத்தில் பச்சைப்பசேல் என்றிருந்த இடம் கார்த்திகை முடிவதற்குள் திட்டுத் திட்டாக மஞ்சளித்திருக்கும். கொடிக்கம்பத்தைச் சுற்றியும், மிதிவண்டிக் கொட்டகைக்குப் போகும் குறுக்கு வழியிலும் புல்லே இராது, சேறுதான் இருக்கும். ஓரங்களில் கோரை தலைதூக்கியிருக்கும். கால் வைத்தால் 'சளக்' என்று நீர் பீறிடும்.

"தண்ணீர் அதிகமாகிப் புல் அழுகிவிட்டது" என்பார் தோட்டக்காரர். "ஆண்டுதோறும் இதே தொல்லை, பேசாமல் சிமெண்டுக் கற்களைப் பதித்துவிடலாம்" என்பார் மற்றொருவர். கற்களைப் பதித்தால் சேறு மறையும் என்பது உண்மையே. ஆனால், மழைநீர் நிலத்துக்குள் இறங்கும் வழியும் அத்துடன் அடைபட்டுப் போகும். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரையில் விழும் நீரை நிலத்துக்குள் இறக்கக் குழாய் பதித்துவிட்டு, முற்றத்தில் விழும் நீரைச் சிமெண்டால் தடுப்பது விந்தையான செயல் அன்றோ?

முடிவெடுக்கும் முன் நோய் என்னவென்று பார்த்துவிடுவோம். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு மண்வெட்டி, ஓர் அளவுகோல், மூடியுள்ள கண்ணாடிப் புட்டி ஒன்று, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்று. இவ்வளவுதான்.

கொல்வது நீர் அன்று

தண்ணீர் எந்தச் செடிக்கும் நஞ்சு அன்று. புல்லைக் கொல்வது நீரின் மிகுதி அன்று, காற்றின் இன்மையே. இலைகள் ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்று படித்திருக்கிறீர்கள். வேர்களோ இருட்டில் இருப்பவை. அவை நம்மைப் போலவே இரவும் பகலும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன்-டை-ஆக்சைடை வெளிவிடுகின்றன. நல்ல மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடமே. அந்த இடைவெளிகளில் ஒரு பகுதியில் நீரும், மறு பகுதியில் காற்றும் இருக்கும். அடைமழையில் எல்லா இடைவெளிகளையும் நீரே பிடித்துக்கொள்கிறது.

நீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்குமே, மீன்கள் வாழவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். 25 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடியது சுமார் 8 மில்லிகிராம். இதுவே முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைவிடப் பெரிய இடர் வேறொன்று. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே, மண்ணில் இருக்கும் ஆக்சிஜனை வேர்களும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிட்டால், மேலிருந்து புதிதாக வந்து சேர வழியில்லை.

ஆக்சிஜன் இல்லாதபோது வேர் செல்கள் நொதித்தல் முறைக்கு மாறுகின்றன. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கும். (பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று இருக்கும், பிற்கால அளவீடுகள் அதைக் குறைத்துவிட்டன.) நொதித்தலில் கிடைப்பது 2 மட்டுமே. இந்தச் சொற்ப வருமானத்தில் வேர் எப்படிக் குடும்பம் நடத்தும்? உப்புகளை உறிஞ்சும் வேலை நின்றுபோகிறது. நீரை உள்ளே விடும் திறனும் குறைகிறது. விளைவு, நீரில் நின்றுகொண்டே இலைகள் வாடுகின்றன! இலை வாடியதைப் பார்த்து, தாகம் என்று எண்ணி, மழை விட்ட இரண்டாம் நாளே குழாயைத் திறந்துவிடுபவர்கள் உண்டு. மஞ்சளித்ததைப் பார்த்து யூரியாவைத் தூவுகிறவர்களும் உண்டு. உறிஞ்ச வேண்டிய வேர் வேலை நிறுத்தம் செய்திருக்கும்போது உரம் என்ன செய்யும்? அடுத்த மழையில் சாக்கடைக்குப் போகும்.

இதற்கிடையே மண்ணில் உள்ள பாக்டீரியாக்களும் சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் அவற்றில் சில வகைகள் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக மாறிப் பறந்துவிடுகிறது. புல் மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நைட்ரேட் தீர்ந்தால் அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகள், பிறகு சல்பேட்டுகள். மண்ணுக்குச் செம்மையும் பழுப்பும் தருவது பெரும்பாலும் ஃபெரிக் இரும்பே. அது ஃபெரஸ் இரும்பாக மாறியதும் மண் சாம்பல் நிறமோ நீலச் சாம்பல் நிறமோ அடைகிறது. சல்பேட் சிதைந்தால் ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே.

ஆகவே மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு துண்டு மண்ணை வெட்டி எடுத்து, முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் நல்ல மணம் வந்தால் கவலை இல்லை. முட்டை நாற்றம் வந்தால் ஆக்சிஜன் தீர்ந்து நெடுநாள் ஆகிவிட்டது என்று பொருள். சாம்பல் மண்ணுக்கிடையே துருப் போன்ற செம்புள்ளிகள் தெரிந்தால், அங்கு நீர் தேங்குவதும் வடிவதும் மாறி மாறி நடக்கின்றன என்று கொள்ளலாம்.

நெல்லுக்கு மட்டும் சலுகை ஏன்?

நெல்லும் புல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது மட்டும் மாதக்கணக்கில் நீரில் நின்று விளைகிறதே, எப்படி? நெல்லின் வேரைக் குறுக்காகச் சீவி உருப்பெருக்கி வழியே பார்த்தால் பெரிய பெரிய காற்றறைகள் தெரியும். ஏரன்கைமா என்னும் திசு இது. இலையிலிருந்து தண்டின் வழியாக வேர் நுனிவரை காற்று இறங்கிச் செல்ல இது குழாய் போல் உதவுகிறது. வயலில் பிடுங்கிய நெல் வேரின் மேல் செம்பழுப்புப் பூச்சு படிந்திருப்பதைக் கண்டிருக்கிறீர்களா? வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சுற்றியுள்ள ஃபெரஸ் இரும்பைத் துருவாக்கியதால் உண்டான பூச்சு அது. நீர் தேங்கும் தரையில் அழையாமல் வந்து சேரும் நீர்க்கோரைகளிடமும் இத்தகைய காற்றறைகள் உண்டு.

நம் அறுகம்புல்லும் கெட்டிக்காரப் புல்தான். சில நாள் வெள்ளம் அதை ஒன்றும் செய்துவிடாது. வாரக்கணக்கில் சேறு, மேலே தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், அதற்கும் மேல் ஐந்நூறு மாணவர்களின் கால்கள் என்று மூன்றும் சேரும்போதுதான் அது தோற்கிறது. இம்மூன்றில் அதிகம் கவனிக்கப்படாதது கால்கள்.

கால்கள் செய்யும் உழவு

நெல் நடும் முன் உழவர் என்ன செய்கிறார்? வயலில் நீரைக் கட்டி, சேறாகும்வரை திரும்பத் திரும்ப உழுகிறார். இதைத் தொளி உழவு, சேற்றுழவு என்று சொல்வார்கள். களையை அழிப்பது இதன் ஒரு நோக்கம். மற்றொரு நோக்கம், மண்ணின் கட்டமைப்பை வேண்டுமென்றே உடைப்பது. மண் துகள்கள் தனித்தனியாக இருப்பதில்லை. பல சேர்ந்து சிறு சிறு உருண்டைகளாக ஒட்டியிருக்கும். உருண்டைகளுக்கு இடையே உள்ள பெரிய துளைகளின் வழியேதான் நீர் கீழே இறங்குகிறது. நனைந்த மண்ணை மிதித்துக் கலக்கினால் உருண்டைகள் குலைந்து, நுண்ணிய களித்துகள்கள் துளைகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்யச் செய்ய, உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய தளம் ஒன்று உருவாகிறது. நீர் வயலில் நிற்பது அதனால்தான்.

இனி உங்கள் பள்ளியின் ஈரப் புல்தரைக்கு வாருங்கள். மழை விட்ட மறுநாள் காலை அதன்மேல் நடந்து வகுப்புக்குப் போகும் கால்கள் அனைத்தும் தொளி உழவுதான் செய்கின்றன. நெல்லுக்கு வேண்டிய நிலத்தைத் தயார் செய்துவிட்டு, அதில் அறுகு வளரவில்லையே என்று வருந்துகிறோம்! மேடு பள்ளத்தைச் சமன்செய்ய ஈரத்திலேயே உருளை ஓட்டுவது இதைவிடக் கேடு.

பெரிய துளைகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1840-ஐ ஒட்டி, இரத்தம் நுண்ணிய குழாய்களில் எவ்வாறு ஓடுகிறது என்பதை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், ஓர் உண்மையைக் கண்டார். குழாயின் வழியே பாயும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆரம் பத்து மடங்கானால் பாய்ச்சல் பத்தாயிரம் மடங்காகும். அதாவது, 1 மி.மீ. அகலமுள்ள ஒரே ஒரு துளை, 0.1 மி.மீ. அகலமுள்ள பத்தாயிரம் துளைகளுக்குச் சமம். ஒரு மண்புழு விட்டுச்செல்லும் வளை எவ்வளவு பெரிய செல்வம் என்று இப்போது புரிகிறதா? 1881-இல் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதிய சார்லஸ் டார்வின், இங்கிலாந்தில் பல இடங்களில் ஆண்டொன்றுக்கு ஏக்கருக்கு 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருவதாகக் கணக்கிட்டார். ஆனால் புழுவுக்கும் மூச்சு வேண்டும். சேறாகி இறுகிய மண்ணில் அது நிலைத்து வாழ்வதில்லை.

இரண்டு சோதனைகள்

முதலில், உங்கள் மண் எத்தகையது என்று அறிய வேண்டும். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, கழுத்துவரை நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை சலவைச் சோடா சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பிறகு அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் உடனே படிந்துவிடும். வண்டல் அதன் மேல் மெல்லப் படியும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். 0.05 மி.மீ. துகள் ஒன்று நீரில் 10 செ.மீ. இறங்க முக்கால் நிமிடம் போதும். 0.002 மி.மீ. களித்துகளுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். துகளின் அளவு 25-இல் ஒரு பங்கானால் இறங்கும் நேரம் 625 மடங்காகிறது. (25-ஐ 25-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஸ்டோக்ஸ் விதியை மேல் வகுப்பில் படிக்கும்போது இந்த எண் நினைவுக்கு வரட்டும்.) அடுக்குகளின் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நீர் இறங்கும் வேகம். மண் ஓரளவு உலர்ந்தபின், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது முழுதும் வடிந்த பிறகு மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் வடிகால் மந்தம். இதே குழியை மரத்தடியில் ஒன்று, நடைவழியில் ஒன்று, யாரும் மிதிக்காத சுவரோரத்தில் ஒன்று எனத் தோண்டினால் கிடைக்கும் எண்களே வழக்கைத் தீர்த்துவைக்கும். மூன்று இடத்திலும் மந்தம் என்றால் மண்ணின் இயல்பு அது. சுவரோரத்தில் நன்றாக இறங்கி நடைவழியில் மட்டும் நின்றால், குற்றவாளி மண் அல்ல, கால்கள். (குழிகளைத் திறந்தபடி விட்டுவிடாதீர்கள். யாராவது காலை விட்டு முறித்துக்கொள்வார்கள்.)

மணல் கொட்டினால் சரியாகிவிடுமா?

நீர் தேங்குகிறது என்றதும் எல்லாரும் சொல்லும் வைத்தியம், "நாலு வண்டி மணல் அடியுங்கள்" என்பதுதான். மணல் விற்கும் விலைக்கும், ஆறுகள் இருக்கும் நிலைக்கும் இது நல்ல யோசனை இல்லை. அறிவியல்படியும் இது பெரும்பாலும் பலிப்பதில்லை.

மணலைக் களியின் மேல் பரப்பினால் நீர் மணல் வழியே விரைந்து இறங்கி, களியின் மேல் நின்றுவிடும். தொட்டியின் அடைப்பானைத் திறக்காமல் தொட்டிக்குள் மணலைப் போட்டது போல. சரி, கலந்துவிட்டால்? மணல் நிரம்பிய வாளியில், பத்துக்கு நான்கு பங்கு இடைவெளியே. அந்த இடைவெளி முழுவதையும் களி நிரப்பிவிட்டால் மணல் துகள்கள் களிக்குள் புதைந்து கிடக்குமே தவிர வழி விடாது. மணலே பெரும்பங்காக இருந்தால்தான் துகளும் துகளும் ஒன்றையொன்று தொட்டு, நடுவே துளைகள் பிறக்கும். அரைகுறையாகக் கலப்பதற்குக் கலக்காமல் இருப்பதே மேல்.

அடியில் ஜல்லி பரப்பினால் நீர் கீழே இழுத்துக்கொள்ளப்படும் என்பது இன்னொரு நம்பிக்கை. இதைச் சோதிக்கத்தான் ஸ்பாஞ்சு. அதை நீரில் முழுக நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுங்கள். இப்போது பிழியாமல் மெல்லச் செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் ஒழுகும்! அதே ஸ்பாஞ்சு, அதே துளைகள்; உயரம் மட்டுமே கூடியிருக்கிறது.

காரணம் நுண்புழை விளைவு. 1 மி.மீ. விட்டமுள்ள துளை பரப்பு இழுவிசையால் ஏறத்தாழ 3 செ.மீ. உயர நீரைத் தாங்கிப் பிடிக்கும். 0.1 மி.மீ. துளை 30 செ.மீ. உயர நீரைப் பிடிக்கும். களியின் நுண்துளைகள் பல மீட்டர் பிடிக்கும். எனவே எந்த மண் அடுக்கின் அடியிலும் நீர் நிரம்பிய பகுதி ஒன்று எப்போதும் இருக்கும். கீழே ஜல்லி இருந்தாலும், நுண்துளைகளில் பிடிபட்ட நீர் ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்குள் குதிக்காது. மேலடுக்கு முழுவதும் நிறைந்து வழியும்போதுதான் சொட்டத் தொடங்கும். பூந்தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லு போடுவதன் கதையும் இதுவே. அமெரிக்க கால்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறையில் இதையே நன்மையாக மாற்றிக்கொண்டார்கள். சரளைக்கு மேல் 30 செ.மீ. மணல் பரப்பினால், அதன் மேல்பகுதி வடிந்து காற்றோட்டமாக இருக்கும். கீழ்ப்பகுதியில் வேருக்கு வேண்டிய ஈரம் தங்கும்.

முழுக்க மணல் தரையாக மாற்றிவிட்டால் பலன் உண்டு என்பதற்கு, நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடிய ஓரிடமே சாட்சி. இலண்டன் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரம். இவ்வளவு சரிவு இருந்தும், களிமண் தரையானதால் மழை விட்ட பிறகும் நீர் வடியாமல் ஆட்டம் தடைப்படும் என்று அது பெயரெடுத்திருந்தது. 2002-இல் தொடங்கிய குளிர்காலத்தில் வெளிக்களத்தின் களிமண்ணை அகற்றி மணல் இட்டார்கள். அதன் பிறகு விரைவாக வடிகிறது. சரிவு மட்டும் போதாது, மண்ணின் துளையும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் லார்ட்ஸின் செலவைப் பள்ளிக்கூடம் செய்ய முடியுமா?

முடிந்ததைச் செய்வோம்

முதலில், நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர். அந்தக் குழாயின் வாய் புல்தரையில் திறந்திருந்தால் எந்தப் புல்லும் பிழைக்காது. அதைத் திருப்பி மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விட்டால், பல பள்ளிகளில் பாதி நோய் அப்போதே தீர்ந்துவிடும். அடுத்து, கொத்தனாரின் தண்ணீர்க் குழாயைக் கொண்டு மட்டம் பாருங்கள். கட்டடத்திலிருந்து வெளிப்புறமாகப் பத்து மீட்டருக்குப் பத்து செ.மீ. சரிவு இருந்தால் நல்லது.

துளைகளைத் திரும்ப உண்டாக்குவதற்குத் தை, மாசி ஏற்ற காலம். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. தடிமனுக்கு உடையாமல் கயிறாகத் திரண்டால் இன்னும் ஈரம் அதிகம், காத்திருங்கள். உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். கடப்பாரையால் குத்துவது எளிது, ஆனால் அது மண்ணை அகற்றாமல் பக்கவாட்டில் இன்னும் இறுக்குகிறது. அரை அங்குல இரும்புக் குழாய்த் துண்டின் வாயைக் கூராகத் தீட்டிக்கொண்டு, 10 செ.மீ. ஆழம் இறக்கி, உள்ளே சிக்கும் மண்ணை வெளியே எடுத்துவிடுங்கள். 15 செ.மீ.க்கு ஒன்று வீதம் சதுர மீட்டருக்கு நாற்பதுக்கு மேல் துளைகள் வரும். ஒரு வகுப்பு முழுவதும் ஈடுபட்டால் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். துளைகளில் சலித்த மட்கு எருவைத் தூவிப் பெருக்குமாறால் தள்ளுங்கள். மட்கு துகள்களை ஒட்டி உருண்டையாக்கும்; மண்புழுவையும் அழைத்து வரும். ஒரே ஆண்டில் மாயம் நிகழாது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்யுங்கள். ஒவ்வோர் ஐப்பசிக்கு முன்பும் அதே மூன்று இடங்களில் குழிச் சோதனையைத் திரும்பச் செய்து எண்களைக் குறித்து வையுங்கள்.

ஜிப்சம் இடச் சொல்பவர்கள் உண்டு. களர் மண்ணாக இருந்தால் மட்டுமே அது பயன்படும். புட்டியில் சலவைச் சோடா போட்டீர்களே, அதிலுள்ள சோடியம் களித்துகள்களைப் பிரித்தது. களர் நிலத்தில் இயற்கையாகவே அந்த வேலை நடந்திருக்கிறது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை விரட்டிவிட்டுத் துகள்களை மீண்டும் சேர்க்கும். மற்ற மண்ணில் இடுவது வீண் செலவு. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்து அறிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள்.

நடைவழியை என்ன செய்வது? மாணவர்கள் குறுக்கு வழியில்தான் நடப்பார்கள். பலகை வைத்துத் தடுத்துப் பயனில்லை. அந்த ஒற்றையடிப் பாதையில் மட்டும் இடைவெளி விட்டுக் கற்பலகைகளைப் பதித்துவிட்டால், மீதித் தரை தப்பிக்கும். சிமெண்டுக் கல் கேட்டவருக்கும் ஓரளவு திருப்தி.

எல்லாம் செய்தும் மரநிழலில் உள்ள தாழ்ந்த மூலை தேறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புல்லை வற்புறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அந்த மூலையை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் போகாமல் கிண்ணம் போல் தாழ்த்திவிடுங்கள். வெயில் படும் விளிம்பில் வரப்போரப் பொடுதலையைக் கொண்டுவந்து நடலாம்; தரையோடு தரையாகப் படரும், ஓரளவு மிதியையும் தாங்கும். நிழலுக்கு வல்லாரையும் சேம்பும். நடுவில் கல்வாழை. நீர் ஒரு வாரத்துக்கு மேல் தேங்கி நின்றால் கொசு உற்பத்தியாகிவிடும்; ஆகவே மழை விட்ட ஐந்தாம் நாள் போய்ப் பார்த்து, இன்னும் தேங்கியிருந்தால் பக்கத்து வடிகாலுக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.